விடுபட்ட பெயர்களும் விடுபட்ட கண்ணிகளும்: வுடி கத்ரியின் எதிர்ப்புப் பாடல்கள்

எதிர்ப்புப் பாடல் என்றதும் உரத்த குரலும் சினம் மிகுந்த சொற்களுமே பலர்க்கும் நினைவில் எழும். அமெரிக்க நாட்டார் பாடகரும் பாடலாசிரியருமான வுடி கத்ரியின் (1912–1967) பாடல்களை நுணுகிக் காண்போர்க்கு வேறொரு தன்மை புலனாகும். அவருடைய சிறந்த பாடல்களில் வசை குறைவு. முழக்கம் அதனினும் குறைவு. செய்தித்தாள்கள் எவரைப் பெயரின்றி, வெறும் எண்ணிக்கையாகக் குறிப்பிட்டனவோ அவர்களுடைய பெயரைக் கேட்பதும், அவர்கள் நின்ற இடத்தில் கேட்போரைக் கொண்டு நிறுத்துவதுமே அப்பாடல்கள் மேற்கொண்ட பணியாகும். பிறர் விட்டதை எடுத்துரைத்த அவருடைய பாடலிலிருந்தே சில கண்ணிகள் பின்னாளில் விடுபட்டுப் போயின என்பதும் வரலாறு. இவ்விருவகை விடுபாடுகளையும் சேர்த்து எண்ணும்போதுதான் கத்ரியின் இடம் தெளிவாகிறது.

பிறப்பும் பின்புலமும்

கத்ரி 1912 ஜூலை 14 அன்று ஓக்லஹோமா மாநிலத்தின் ஒகீமா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வாண்டுத் தேர்தலில் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட வுட்ரோ வில்சனின் பெயரே குழந்தைக்கு இடப்பட்டது. தந்தை சார்லி நிலம் வாங்கி விற்பவர். உள்ளூர் அரசியலிலும் ஈடுபாடு உடையவர். தாய் நோரா பழங்கதைப் பாடல்களை வீட்டில் பாடும் வழக்கமுடையவர். பின்னாளில் உலகறிந்த பாடகராக விளங்கிய மகனுக்குக் கதைப்பாடலின் முதற்பாடம் தாயின் குரலிலிருந்தே கிடைத்தது.

குடும்பத்தின் நல்வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. 1919-இல் மூத்த சகோதரி கிளாரா தீக்காயமுற்று இறந்தார். தாயின் உடலும் மனமும் மெல்ல மெல்லக் கட்டுப்பாடு இழந்தன. 1927-இல் அவர் நார்மன் நகர மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1930-இல் அங்கேயே காலமானார். அவரைப் பற்றியிருந்தது ஹண்டிங்டன் நோய் என்னும் மரபுவழி நரம்பு நோய். அந்நோயே மகனையும் பின்னர்ப் பற்றியது. தந்தையின் தொழிலும் நொடித்தது. 1929-இல் இளைஞர் கத்ரி டெக்சஸ் மாநிலத்துப் பாம்பா நகருக்குக் குடிபெயர்ந்தார்.

பிறந்த ஊரின் மற்றொரு நினைவும் அவரை விட்டு அகலவில்லை. கத்ரி பிறப்பதற்கு ஓராண்டுக்கு முன், 1911 மே மாதத்தில், ஒகீமாவுக்கு அருகே லாரா நெல்சன் என்னும் கறுப்பினத் தாயையும் அவர் மகனையும் ஒரு கும்பல் ஆற்றுப் பாலத்தில் தூக்கிலிட்டுக் கொன்றது. அக்காட்சியின் நிழற்படம் அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்கப்பட்டது. கும்பலில் சார்லி கத்ரியும் இருந்தார் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். அக்கொலையைப் பற்றி மகன் பின்னாளில் பாடல்கள் இயற்றினார். ஊர் பேசாது விட்ட ஒன்றைப் பாட்டில் பேசுதல் என்னும் அவருடைய வழிக்கு இது தக்க சான்றாகும்.

புழுதியும் பாடலும்

1930களில் அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் மழை பொய்த்தது. புல்வெளிகளை அளவிறந்து உழுது கோதுமை விதைத்த நிலங்களில் மேல்மண் காற்றோடு கிளம்பியது. 1935 ஏப்ரல் 14 அன்று எழுந்த புழுதிப் புயல் ‘கறுப்பு ஞாயிறு’ என்று பெயர் பெற்றது. பாம்பாவில் பட்டப்பகல் இருளாயிற்று. உலகம் முடிகின்றதென்றே ஊரார் எண்ணினர். அந்நாளை வைத்துக் கத்ரி இயற்றிய பாடலில் புலம்பல் இல்லை. ஒருவர்க்கொருவர் விடைபெற்றுக்கொள்ளும் ஊராரின் பேச்சும் மெல்லிய நகைச்சுவையுமே உள்ளன. துன்பத்தை நேராகச் சொல்லாது துன்புற்றோரின் வாய்மொழியில் சொல்வது அவர் கைக்கொண்ட முறை.

வறட்சியும் கடனும் இயந்திர உழவும் சேர்ந்து விரட்டிய உழவர் குடும்பங்கள் வேலை தேடிக் கலிபோர்னியா நோக்கிப் பெயர்ந்தன. அங்கே அவர்கள் ‘ஓக்கிகள்’ என்று இழித்துரைக்கப்பட்டனர். கத்ரியும் அவ்வழியே சென்றார். 1937 முதல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து வானொலி நிலையம் ஒன்றில் ‘லெஃப்டி லூ’ எனப்பட்ட மேக்சின் கிரிஸ்மனுடன் இணைந்து பாடினார். முகாம்களில் தங்கியிருந்தோர் தம் ஊர்ப் பாட்டைக் கேட்டு மடல் எழுதினர்.

அவ்வானொலியில் நிகழ்ந்த ஒன்று குறிப்பிடத்தக்கது. கறுப்பின மக்களை இழிக்கும் சொல் அமைந்த பழைய பாடலொன்றைக் கத்ரி 1937-இல் பாடினார். அது தம்மை எவ்வாறு புண்படுத்தியது என்று கறுப்பினத்தைச் சேர்ந்த நேயர் ஒருவர் எழுதினார். கத்ரி அம்மடலை நிகழ்ச்சியிலேயே படித்து மன்னிப்புக் கோரினார். அச்சொல்லை இனிப் பயன்படுத்துவதில்லை என்றும் உறுதி கூறினார். தான் பிறந்த சூழலின் பழக்கத்தைக் கேட்போர் ஒருவரின் சொல்லால் திருத்திக்கொண்ட பாடகர் அவர்.

1940-இல் நியூயார்க் வந்த கத்ரியை நாட்டார் பாடல் தொகுப்பாளர் ஆலன் லோமக்ஸ் வாஷிங்டனிலுள்ள நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பல மணி நேரம் பாடவும் பேசவும் செய்து பதிவு செய்தார். அவ்வாண்டே விக்டர் நிறுவனம் ‘டஸ்ட் பௌல் பேலட்ஸ்’ என்னும் பெயரில் அவருடைய புழுதி நிலப் பாடல்களை இசைத்தட்டுகளாக வெளியிட்டது. அவற்றுள் ஒன்று டாம் ஜோடின் கதை. 1939-இல் வெளிவந்த ஜான் ஸ்டீன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலையும் அதன் திரைப்படத்தையும் ஒட்டி அமைந்த கதைப்பாடல் இது. நூலை வாங்கவோ படத்தைப் பார்க்கவோ பணமில்லாத தம் மக்களுக்காகவே பெருங்கதையைப் பாட்டாகச் சுருக்கியதாகக் கத்ரி கூறினார். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அது அடங்கவில்லை. இரு பக்கங்களில் பகுத்துப் பதிய வேண்டியிருந்தது.

பழைய மெட்டும் புதிய சொல்லும்

கத்ரி மெட்டுகளைப் புதிதாக உருவாக்க முனைந்தவர் அல்லர். டாம் ஜோட் பாடலுக்கு ‘ஜான் ஹார்டி’ என்னும் பழைய கதைப்பாடலின் மெட்டையே எடுத்துக்கொண்டார். கார்ட்டர் குடும்பத்தார் பாடிப் பரப்பிய மெட்டுகள் அவருக்குப் பெரிதும் பயன்பட்டன. இதனைப் புலமைக் குறைவு என்று கருதுதல் பொருந்தாது. கேட்போர்க்கு முன்பே பழகிய மெட்டில் சொல் மட்டும் புதிதாயின், முதன்முறை கேட்கும்போதே கூட்டம் உடன்பாடும். வேலைநிறுத்தப் பந்தலிலும் முகாமிலும் பாடவேண்டிய பாட்டுக்கு இஃது இன்றியமையாத் தேவை. தேவாலயத்தில் பாடிய மெட்டிலேயே கூலி உயர்வும் பேசப்படும்போது அக்கோரிக்கை கேட்போர்க்கு அயலாகத் தோன்றுவதில்லை.

சொல்லாட்சியிலும் அவர் எளிமையையே நாடினார். உவமைகள் அரிது, வினைச்சொற்கள் மிகுதி. ‘1913 மாஸகர்’ என்னும் பாடல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மிச்சிகன் மாநிலத்துக் கலுமெட் நகரில் செம்புச் சுரங்கத் தொழிலாளர் 1913 ஜூலை முதல் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று அவர்களுடைய குழந்தைகளுக்காக இத்தாலியர் மன்றத்தின் மாடியில் கிறிஸ்துமஸ் விழா நடந்தது. யாரோ ஒருவர் “தீ” என்று கத்தினார். தீ ஏதும் இல்லை. படிக்கட்டில் நெரிசலுற்று 73 பேர் மாண்டனர். அவர்களுள் 59 பேர் குழந்தைகள்.

இந்நிகழ்ச்சியைக் கத்ரி தொழிலாளர் இயக்கத் தலைவி எல்லா ரீவ் புளூரின் தன்வரலாற்றிலிருந்து அறிந்தார். பாடல் கொலையிலிருந்து தொடங்கவில்லை. கேட்பவரை விருந்தினராக அழைத்துப் படியேற்றி, தொழிலாளருடன் கைகுலுக்கச் செய்து, பிள்ளைகளின் ஆட்டத்தைக் காட்டுகிறது. குரல் உயர்வதே இல்லை. கத்தல் கேட்கும்போது நாமும் அம்மாடியில்தான் இருக்கிறோம். கதவைச் சுரங்க முதலாளிகளின் ஆட்கள் வெளியிலிருந்து பிடித்துக்கொண்டனர் என்று பாடல் கூறும் செய்தியை வரலாற்று ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. எனினும் இறந்த பிள்ளைகளை எண்ணிக்கையினின்று மீட்டு முகமுடையோராக ஆக்கிய வகையில் அப்பாடலின் வெற்றி ஐயத்துக்கு இடமற்றது. பாப் டிலன் தம் முதல் இசைத்தட்டில் (1962) கத்ரியைப் போற்றிப் பாடிய பாடலுக்கு இதன் மெட்டையே மேற்கொண்டார்.

விடுபட்ட கண்ணிகள்

கத்ரியின் பாடல்களில் புகழ்மிக்கது ‘திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்’. ‘இந்த நிலம் உன் நிலம்’ என்பது தலைப்பின் பொருள். இது பிறந்த சூழலை அறிந்தோர் சிலரே. இர்விங் பெர்லின் இயற்றிய ‘காட் பிளெஸ் அமெரிக்கா’ என்னும் நாட்டு வாழ்த்து, 1938-இல் கேட் ஸ்மித்தின் குரலில் வானொலியில் ஒலித்து நாடெங்கும் பரவியது. வேலையற்றோர் சாலையோரங்களில் படுத்துறங்கிய காலத்தில் நாடு வாழ்த்தப்பெற்றது என்று பாடுவது கத்ரிக்கு உறுத்தியது. 1940 பிப்ரவரி 23 அன்று நியூயார்க்கின் மலிவு விடுதியொன்றில் மறுமொழியாக ஒரு பாடலை எழுதினார். ஆறு கண்ணிகள் கொண்ட அதன் ஈற்றடி, பெர்லினின் வாழ்த்தை எள்ளித் திருப்பியதாக முதலில் அமைந்திருந்தது. அதனைப் பின்னர்த் தாமே அடித்துத் திருத்தினார். கண்ணால் காண்பதை மட்டுமே எழுத முடியும் என்னும் பொருள்படக் கையெழுத்துப்படியின் கீழே ஒரு குறிப்பும் வரைந்தார்.

அவர் கண்டவை எவை? நெடுஞ்சாலையும் பள்ளத்தாக்கும் கோதுமை வயலும் மட்டும் அல்ல. ஒரு கண்ணியில், தனியார்க்கு உரியது என்று அறிவிக்கும் பெருஞ்சுவரொன்று வழியை மறிக்கிறது. அதன் மறுபுறத்தில் எழுத்தேதும் இல்லை. மற்றொரு கண்ணியில், நகரத்துத் தேவாலயக் கோபுர நிழலில் அரசு உதவி பெறப் பசித்தோர் வரிசையில் நிற்கின்றனர். இந்நிலம் எனக்குரியதுதானா என்னும் ஐயம் அங்கே எழுகிறது. இவ்விரு கண்ணிகளே பாடலின் உயிர். முன்னுள்ள இயற்கைக் காட்சிகள் எழுப்பும் உரிமையை இவை கேள்விக்கு உட்படுத்துகின்றன. இவற்றை நீக்கினால் எஞ்சுவது இனிய சுற்றுலாப் பாட்டு.

நீக்கப்பட்டதே நிகழ்ந்தது. 1944-இல் மோசஸ் ஆஷ் என்பார் கத்ரியின் குரலைப் பதிவு செய்தார். சுவரைப் பற்றிய கண்ணியுடன் கூடிய பதிவொன்று ஆஷின் சேகரிப்பிலேயே கிடந்து, 1990களில்தான் வெளிவந்தது. இதற்கிடையே, இடதுசாரிகளை அரசு வேட்டையாடிய 1950களில், அக்கண்ணிகள் இல்லாத வடிவமே இசைத்தட்டு வழியாகவும் பள்ளிப் பாடநூல் வழியாகவும் குழந்தைகளைச் சென்றடைந்தது. எதிர்ப்பாக எழுந்த பாடல் எதனை எதிர்த்ததோ அதற்கு இணையான மற்றொரு நாட்டு வாழ்த்தாகவே ஆயிற்று. விடுபட்ட கண்ணிகளைத் தந்தை தமக்குக் கற்பித்ததாகக் கத்ரியின் மகனும் பாடகருமான ஆர்லோ கத்ரி கூறியுள்ளார். பீட் சீகர் அவற்றை மேடைதோறும் விடாது பாடிவந்தார். 2009 ஜனவரி 18 அன்று, பராக் ஒபாமா பதவியேற்பை ஒட்டி லிங்கன் நினைவகத்தில் நடந்த விழாவில், 89 வயதுச் சீகரும் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் அக்கண்ணிகளைப் பெருங்கூட்டத்தின்முன் பாடினர். 2021 ஜனவரி 20 அன்று மற்றொரு பதவியேற்பு விழாவில் ஜெனிஃபர் லோபஸ் பாடியபோதோ, அவை மீண்டும் இடம்பெறவில்லை.

பெயர் கேட்கும் பாடல்கள்

1941 அக்டோபர் 31 அன்று, அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே, ‘ரூபன் ஜேம்ஸ்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. மாண்ட மாலுமிகள் அனைவரின் பெயரையும் வரிசையாகப் பாட்டில் அமைக்கவே கத்ரி முதலில் முற்பட்டார். பாடுவதற்கு இயலாது என்று உடனிருந்த ‘அல்மனாக்’ பாடகர் குழுவினர் எடுத்துரைத்தனர். அதன்பின் பட்டியல் ஒரு கேள்வியாயிற்று. அவர்களுடைய பெயர்கள் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்போரை நோக்கி வினவும் பல்லவி அவ்வாறு பிறந்தது. பெயர்ப்பட்டியல் பாட்டாகாது என்னும் இடர்ப்பாட்டைக் கேள்வியாக மாற்றியதில் கவிஞரின் திறம் வெளிப்படுகிறது. பெயரைத் தேடும் பொறுப்பு கேட்போர் மேல் விழுகிறது.

இதனினும் ஆழ்ந்தது 1948-இல் எழுந்த ‘டிப்போர்ட்டீ’ என்னும் கையறுநிலைப் பாடல். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942-இல், மெக்சிகோ உழவுத் தொழிலாளரை ஒப்பந்தத்தில் கொண்டுவரும் ‘பிராசெரோ’ திட்டத்தை அமெரிக்க அரசு தொடங்கியது. ஒப்பந்தக் காலம் முடிந்தோரும் ஆவணமின்றி வந்தோரும் திருப்பி அனுப்பப்பட்டனர். 1948 ஜனவரி 28 அன்று, அத்தகையோர் 28 பேரை ஏற்றிச்சென்ற விமானம் கலிபோர்னியாவின் லாஸ் கேட்டோஸ் பள்ளத்தாக்கில் தீப்பற்றி வீழ்ந்தது. விமானக் குழுவினர் மூவரும் குடிவரவுக் காவலர் ஒருவரும் உட்பட 32 பேரும் மாண்டனர். உள்ளூர் இதழ்கள் சில மெக்சிகோ நாட்டவரின் பெயர்களை வெளியிட்டன. ஆயினும் நாடெங்கும் பரவிய செய்தியில் நால்வர்க்கே பெயர் இருந்தது. ஏனையோர் ‘நாடு கடத்தப்படுவோர்’ என்னும் ஒற்றைச் சொல்லுள் அடங்கினர். ஃபிரெஸ்னோ நகரக் கல்லறைத் தோட்டத்தில் 28 பேரும் ஒரே குழியில் புதைக்கப்பட்டனர். நடப்பட்ட கல்லிலும் பெயர் இல்லை.

நியூயார்க்கில் இருந்த கத்ரி இச்செய்தியை அறிந்து எழுதினார். அவருக்கும் உண்மைப் பெயர்கள் தெரியா. ஆதலின் ஹுவான், ரோசலித்தா என்றாற்போன்ற, எவருக்கும் அமையக்கூடிய பெயர்களைச் சொல்லி விடை கொடுத்தார். பெயரில்லாதவர்க்குத் தற்காலிகப் பெயர் சூட்டிய அச்செயலில் பாட்டின் வல்லமையும் எல்லையும் ஒருங்கே தெரிகின்றன. இதற்கு அவர் இசை அமைக்கவில்லை. மெட்டற்ற கவிதையாகவே அது கிடந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து மார்ட்டின் ஹாஃப்மன் என்னும் இளைஞர் அதற்கு மெட்டமைத்தார். சீகர் பாடியதும் பலர் வாயில் பரவியது.

பாடல் எழுப்பிய கேள்விக்கு விடை கிடைக்க 65 ஆண்டுகள் ஆயின. கவிஞரும் புதின ஆசிரியருமான டிம் ஹெர்னான்டெஸ் பழைய பதிவேடுகளைத் தேடினார். கல்லறைத் தோட்டத்தாரும் துணைநின்றனர். 2013 செப்டம்பர் 2 அன்று 28 பெயர்களும் பொறித்த கல் அவ்விடத்தில் நாட்டப்பெற்றது. பாடல் இல்லையேல் அவ்விபத்து பலவற்றுள் ஒன்றாய் மறக்கப்பட்டிருக்கும். மெட்டில் பொதிந்து கேள்வி வாழ்ந்தமையால், அதனைக் கேட்டு வளர்ந்த தலைமுறை விடை தேடப் புறப்பட்டது.

கவிஞர் தாமே விட்டவை

கத்ரியைக் குறையற்றவராகக் காட்டுவது அவருக்குச் செய்யும் நன்றியாகாது. 1941-இல் பானவில் மின்விசை நிறுவனம் என்னும் அரசு அமைப்பு ஒரு மாதத்துக்கு 266.66 டாலர் சம்பளம் தந்து அவரைப் பாடல் எழுத அமர்த்தியது. அம்மாதத்தில் அவர் 26 பாடல்கள் எழுதினார் என்பர். கொலம்பியா ஆற்றின் கிராண்ட் கூலி அணையைப் புழுதி நிலத்திலிருந்து விரட்டப்பட்டோர்க்கு நீரும் ஒளியும் வேலையும் தரும் வரமாகக் கண்டு மனமாரப் புகழ்ந்தார். ஆனால் அவ்வணை சால்மன் மீன்கள் ஆற்றின் மேற்பகுதிக்கு ஏறிச்செல்லும் வழியை அடைத்தது. தொன்றுதொட்டு அம்மீனால் வாழ்ந்த தொல்குடிகள் தம் மீன்பிடி நிலையமான கெட்டில் அருவி நீரில் மூழ்குமுன், 1940 ஜூனில், ‘கண்ணீர்ச் சடங்கு’ நடத்திக் கூடியழுதனர். கத்ரியின் ஆற்றுப் பாடல்கள் அவ்வழுகையைக் கேட்டிலதாக உள்ளன. இந்நிலம் உன் நிலம், என் நிலம் என்று பகிரும்போது முன்பே அந்நிலத்தில் இருந்தோர் எங்கே என்று தொல்குடிக் கலைஞர் பின்னாளில் வினவினர். அவ்வினா முறையானதே. பிறர் விட்டதைத் தேடிய கவிஞரும் சிலரை விட்டார். அவர் கற்பித்த கேள்வியே அவரை நோக்கியும் திரும்புகிறது.

இறுதி ஆண்டுகள்

தாயைக் கொண்ட நோய் கத்ரியிடம் 1952-இல் உறுதிப்பட்டது. கை நடுங்கியது; கிட்டார் மீட்ட இயலவில்லை; எழுத்துச் சிதைந்தது; பின்னர்ப் பேச்சும் நின்றது. 1956 முதல் நியூ ஜெர்சியின் கிரேஸ்டோன் பார்க் மருத்துவமனையிலும் பின்னர் நியூயார்க் மருத்துவமனைகளிலும் வாழ்ந்தார். 1961-இல் இளைஞர் டிலன் அவரைக் காண வந்து, அவருடைய பாடல்களை அவர்க்கே பாடிக் காட்டினார். 1967 அக்டோபர் 3 அன்று கத்ரி 55 வயதில் காலமானார். நடனக் கலைஞராகிய மனைவி மார்ஜோரி அந்நோய்க்கு எதிரான அமைப்பைத் தோற்றுவித்தார். மகள் நோரா ஆவணங்களைக் காத்தார். மெட்டின்றி எஞ்சிய பாடல்கள் 3,000-க்கு அருகில் இருந்தன. அவற்றுட் சிலவற்றுக்குப் பில்லி பிராக்கும் வில்கோ குழுவினரும் இசையமைத்து 1998-இல் வெளியிட்டனர். 2013 முதல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் அவர் பெயரால் ஆவணக் காப்பகம் இயங்குகிறது.

நிறைவாக

நிகழ்ச்சியைப் பாடும் பாட்டு நிகழ்ச்சியோடு மறையும் என்பது கவிதைத் திறனாய்வில் பலகாலம் கூறப்பட்டுவரும் கருத்து. கத்ரியின் பாடல்களில் பல அவ்வாறு மறைந்தும் உள்ளன. நிலைத்து நின்றவற்றை நோக்கின், அவை நிகழ்ச்சிக்குத் தீர்ப்பு உரைக்காமல் அதில் விடுபட்டதைச் சுட்டிக் கேள்வியாக நிறுத்தியவை என்பது விளங்கும். தீர்ப்புக்குக் காலவரம்பு உண்டு. விடை பெறாத கேள்விக்கு அது இல்லை. கலுமெட் படிக்கட்டும் லாஸ் கேட்டோஸ் பள்ளத்தாக்கும் நம்மிடையே இன்னும் பேசப்படுவது அதனாலேயே.

தொகுப்போரும் பாடுவோரும் மொழிபெயர்ப்போரும் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளவேண்டிய கடமை ஒன்று உண்டு. மேடைக்கு இனியது, பாடநூலுக்கு ஏற்றது என்று ஒரு பாடலின் சில கண்ணிகளை மட்டும் எடுப்பது எளிது. அவ்வாறு எடுக்குந்தோறும், செய்தியில் 28 பெயர்களை விட்டவர் செய்த வேலையே மற்றொரு வடிவில் நிகழ்கிறது. எதிர்ப்புக் கவிஞர்க்கு விழா எடுப்பதினும் அவர் எழுதிய கண்ணிகள் அனைத்தையும் அச்சேற்றுவது முதற்கடன்.